நின்றும் இருந்தும் கிடந்தும்: உடலின் கோலமும் மூச்சின் கணக்கும்

பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் மேற்கே எழுந்து நிற்கும் திருநீர்மலையில், பெருமாள் நின்ற கோலத்திலும் இருந்த கோலத்திலும் கிடந்த கோலத்திலும் நடந்த கோலத்திலுமாக நான்கு வகையாகச் சேவை சாதிக்கிறார் என்பது வைஷ்ணவர்கள் பெருமையோடு எடுத்துச் சொல்லும் விசேஷம். அந்தக் குன்றிலிருந்து தெற்கே சில கிலோமீட்டர் வந்தால், பச்சைமலை அடிவாரத்தில் பெரிய மரங்களின் நிழலில் பரந்து கிடக்கும் அரசாங்க நெஞ்சக நோய் மருத்துவமனையை அடையலாம். அதன் பழைய பெயரையே சூடிக்கொண்டு ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ரயில் நிலையமும் அருகில் இருக்கிறது. ஆனால் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்சார ரயிலில் தினந்தோறும் அங்கே இறங்குகிறவர்களில், நோயாளியைப் படுக்கவைப்பதையே ஒரு சிகிச்சையாகக் கொண்டிருந்த காலத்தின் பெயர் அது என்பதை நினைப்பவர் சிலரே. கோயிலில் பக்தர்கள் பகவானிடத்தில் தரிசிக்கும் அதே நான்கு கோலங்களை, மருத்துவமனையில் வைத்தியர்கள் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நோயாளியிடத்தில் கண்டு வந்திருக்கிறார்கள். மனிதன் நிற்பதாலும் உட்காருவதாலும் படுப்பதாலும் நடப்பதாலும் அவனுடைய நுரையீரலுக்குள் ரத்தமும் காற்றும் சந்திக்கும் முறை மாறுகிறதா, மாறினால் அதனால் நோயாளிக்கு உண்டாகும் லாபம் எது, எல்லை எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காற்றும் ரத்தமும் கூடும் சந்தை

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையைப் பார்த்தவர்களுக்கு நுரையீரலின் தொழிலை விளக்குவது சுலபம். சரக்கு வந்து குவிந்திருந்தாலும் வாங்குவோர் வராத மூலையில் வியாபாரம் நடப்பதில்லை. வாங்குவோர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றாலும் சரக்கு வராத மூலையிலும் நடப்பதில்லை. இரண்டும் ஏறக்குறைய சம அளவில் கூடும் இடத்திலேதான் கொள்வினையும் கொடுப்பினையும் செழிக்கின்றன. நுரையீரலிலுள்ள 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் ஒவ்வொன்றும் ஒரு கடை. ஓய்வாக இருக்கும் மனிதனில் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தமும் சுமார் 4 லிட்டர் புதுக் காற்றும் இந்தக் கடைகளுக்கு வந்து, ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கே கனமுள்ள சவ்வின் ஊடாகப் பிராணவாயுவையும் கரியமிலவாயுவையும் மாற்றிக்கொண்டு போகின்றன. மொத்தக் கணக்கைப் பார்த்தால் இரண்டும் ஒத்திருப்பதாகத் தோன்றும். ஆனால் கடைக்குக் கடை அந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்பதே வைத்தியர்களை ஒரு நூற்றாண்டு காலம் சிந்திக்கவைத்த விவகாரம்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு மூலகாரணமாக முதலில் கருதப்பட்டது பூமியின் ஆகர்ஷண சக்தி. உடலின் மற்றப் பாகங்களுக்கு ரத்தத்தை அனுப்பும் மகாதமனியில் சராசரி அழுத்தம் பாதரசக் கணக்கில் சுமார் 100 மில்லிமீட்டர். நுரையீரலுக்குப் போகும் தமனியிலோ சுமார் 15 மில்லிமீட்டரே, அதாவது ஒரு நீர்த்தம்பத்தை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தாங்கும் அளவே இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும் வயதுவந்தவருடைய நுரையீரலின் உயரமோ ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். அந்தத் தமனி நுரையீரலின் நடுப்பகுதியில் நுழைகிறபடியால் ரத்தம் உச்சிக்கு எப்படியோ ஏறிவிடுகிறது. ஆனாலும் நம் புறநகர்களில் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் கீழ்வீட்டில் பொங்கி வழிந்து மாடிவீட்டில் சொட்டுச்சொட்டாக வருவதுபோல, அடிப்பகுதிக்குத் தாராளமாகவும் உச்சிப் பகுதிக்கு மிகச் சிக்கனமாகவுமே அது போய்ச் சேருகிறது. காற்றும் அடிப்பகுதிக்கே அதிகம் போகிறது; நுரையீரல் தன் பாரத்தாலேயே தொங்கி, உச்சியிலுள்ள அறைகள் முன்கூட்டியே விரிந்துபோயிருப்பதால் அவை மேலும் விரிய இடமில்லை, அடியிலுள்ள சிறிய அறைகளோ ஒவ்வொரு மூச்சிலும் நன்றாக விரிந்து சுருங்குகின்றன. ஆயினும் மேலிருந்து கீழே வர வர ரத்தம் பெருகும் வேகம் காற்று பெருகும் வேகத்தைவிட மிக அதிகம். ஆதலால் உச்சியில் சரக்கு மிஞ்சுகிறது, அடியில் வாங்குவோர் மிஞ்சுகின்றனர்.

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்களில் முதன்மையானவர் ஜான் வெஸ்ட். 1960ஆம் ஆண்டையொட்டி, லண்டனிலுள்ள ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் சைக்ளோட்ரான் யந்திரத்தால் உண்டாக்கிய, சில நிமிஷங்களே ஆயுளுள்ள கதிரியக்கப் பிராணவாயுவைச் சேர்த்த கரியமிலவாயுவை மனிதர்களைச் சுவாசிக்கச் செய்து, மார்புக்கு வெளியே வைத்த கருவிகளால் எந்தப் பகுதியிலிருந்து அதை ரத்தம் எவ்வளவு விரைவாக அள்ளிக்கொண்டு போகிறது என்று அவரும் கூட்டாளிகளும் அளந்தார்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கணக்கின்படி, நிமிர்ந்திருப்பவரின் நுரையீரல் உச்சியில் காற்றுக்கும் ரத்தத்துக்கும் உள்ள விகிதம் 3.3, அடியில் 0.6. உச்சி அறைகளில் பிராணவாயுவின் அழுத்தம் 132 மில்லிமீட்டர்; அடி அறைகளில் 89. ஒரே மனிதனின் ஒரே நுரையீரலுக்குள், ஒரு சாணுக்குச் சற்றே மேற்பட்ட தூரத்தில், இத்தனை வேற்றுமை! ஆரோக்கியமானவருக்கு இதனால் உண்டாகும் நஷ்டம் அற்பமே. தமனி ரத்தத்தின் பிராணவாயு அழுத்தத்தில் சுமார் 4 மில்லிமீட்டர் குறைவதோடு போய்விடுகிறது. நோய் வந்து குடியேறும்போதுதான் இந்த மேடுபள்ளத்தின் முழுப் பொருளும் வெளிப்படுகிறது.

நின்ற கோலம்

அந்தப் பொருளை மிகத் தெளிவாக எழுதிக் காட்டிய நோய் க்ஷயரோகமே. வயதுவந்தவருக்கு வரும் க்ஷயம் நுரையீரலின் உச்சியையே பெரும்பாலும் தேடிப் பிடித்து, அங்கே குழி பறித்துக் குடியிருக்கும் என்பது எக்ஸ்ரே வருவதற்கு முன்னரே, மார்பைத் தட்டியும் காதை வைத்துக் கேட்டும் நோய் கண்ட காலத்திலேயே தெரிந்த சங்கதி. மனிதன் நிமிர்ந்து நிற்பதால் உச்சிக்கு ரத்தம் குறைவதே இதற்குக் காரணம் என்று 1887இல் ஜெர்மானிய நோய்க்கூறியல் அறிஞர் யோஹன்னஸ் ஓர்த் கூறினார். அவர் ஊகமாகச் சொன்னதை வெஸ்டின் அளவைகள் வலுப்படுத்தின. பிராணவாயு இல்லாமல் பெருகமுடியாத க்ஷயக் கிருமிக்கு, 132 மில்லிமீட்டர் அழுத்தமுள்ள உச்சி அறை, வெட்டிவைத்த வாழையிலையில் பரிமாறிய விருந்துபோலல்லவா!

மிருகங்களும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. நாலுகாலில் நிற்கும் மாட்டுக்கு நுரையீரலின் மேற்பக்கம் என்பது கழுத்தை ஒட்டிய பகுதியன்று, முதுகை ஒட்டிய பகுதி. மாட்டுக்கு வரும் க்ஷயமும் முதுகுப் புறத்தையே பெரிதும் நாடுகிறது. இன்னொரு சாட்சி இதய நோயாளிகளிடமிருந்து வருகிறது. நம் நாட்டில் ஒரு காலத்தில் வாலிபரிடையே மிகுந்திருந்த முடக்குக் காய்ச்சலின் விளைவாக மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறி, உச்சிவரை ரத்தம் தாராளமாகப் பாய்கிறது. அவர்களுக்கு உச்சி க்ஷயம் அபூர்வமாகவே வருகிறது என்று பழைய வைத்தியர்கள் கண்டிருந்தார்கள். அதற்கு மாறாக, நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பும் வால்வு பிறவியிலேயே குறுகிப்போனவர்களை க்ஷயம் எளிதில் பற்றியது.

ஆனால் சாட்சிகள் எல்லாம் ஒரே பக்கம் பேசுவதாக எண்ணி வழக்கை முடித்துவிடக் கூடாது என்பதற்குத் தாம்பரமே பாடமாக நிற்கிறது. 1990களில் எச்.ஐ.வி. தொற்றியவர்களை ஏற்றுக்கொண்டு பராமரித்ததில் நாட்டிலேயே முன்னணியில் நின்றதும், 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி மத்திய அரசாங்கம் அந்நோய்க்கு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதற்கண் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளுள் ஒன்றாக விளங்கியதும் இதே சானடோரியந்தான். எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றிய இந்நோயாளிகளுக்கு க்ஷயம் வரும்போது, அது உச்சியில் குழி பறிக்கும் தன் பழைய வழக்கத்தை விட்டு, அடிப்பகுதியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் நுரையீரல் முழுவதும் தினைத்தூவலாகவும் தோன்றுவது வைத்திய உலகம் எங்கும் கண்ட அனுபவம். நிற்கும்போது அவர்களுடைய உச்சியிலும் பிராணவாயு மிகுந்துதானே இருக்கிறது? அப்படியானால் உச்சியைத் தீர்மானிப்பது வாயு மட்டுமன்று. கிருமியோடு மல்லுக்கட்டிக் குழியை உண்டாக்கும் உடலின் எதிர்ப்பும் அதில் பங்காளி. உச்சியில் அசைவு குறைவாதலால் நிணநீர் வடிவது மந்தமாகிக் கிருமியின் எச்சங்கள் தங்கிவிடுகின்றன என்று சொல்வோரும் உண்டு. நிற்கும் கோலம் நோய்க்கு இடம் காட்டுகிறது. அந்த இடத்தில் நோய் என்ன செய்யும் என்பதை வேறு பல சக்திகள் நிச்சயிக்கின்றன.

கிடந்த கோலம்

நிற்பதால் உச்சி வறண்டுபோகிறதென்றால், படுத்தால் அது நனையுமல்லவா? இந்த எளிய யோசனையை முறையாக எடுத்துரைத்தவர் வில்லியம் டாக். அவர் 1946இல் எழுதிய கட்டுரையில், மாதக்கணக்காகப் படுக்கவைப்பதால் க்ஷயரோகிக்கு உண்டாகும் நன்மைக்குக் காரணம் வெறும் ஓய்வு அன்று, படுத்த உடலில் உச்சிக்கும் ரத்தம் சமமாகப் பாய்வதே என்று வாதித்தார். உண்மையிலேயே மல்லாந்து படுத்தவருக்கு உச்சியும் அடியும் ஏறத்தாழச் சம அளவு ரத்தம் பெறுகின்றன. அப்போது மேடு பள்ளம் என்பது மார்புக்கும் முதுகுக்கும் இடையே மாறிவிடுகிறது.

டாக் காரணம் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே உலகம் படுக்கத் தொடங்கிவிட்டது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஜெர்மனியில் சானடோரிய முறையைத் தொடங்கிய ஹெர்மன் பிரேமர், நோயாளியை மலைப்பாதைகளில் அளவோடு நடக்கச் செய்தார்; அவரிடம் நோயாளியாக இருந்து பின்பு வைத்தியரான பீட்டர் டெட்வைலரோ, 1876இல் ஃபால்கென்ஸ்டைனில் பொறுப்பேற்றபின், திறந்த தாழ்வாரங்களில் சாய்வு நாற்காலியிட்டு நோயாளியை நாளெல்லாம் கிடக்கச் செய்தார். நடையா கிடையா என்ற இந்த வழக்கு அப்போதே தொடங்கிவிட்டது.

சானடோரிய முறையைத் தமிழ்நாட்டின் தலைநகர் வாசலுக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரன் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் க்ஷய சானடோரியம் நடத்திய அவரிடம் 1917இல் சிகிச்சை பெற்றவர்களுள் கணித மேதை ராமானுஜனும் ஒருவர்; 1914இல் ராமானுஜன் சீமைக்குப் பிரயாணம் செய்த அதே ‘நெவாசா’ கப்பலில் அவரும் சென்றிருந்தார். 1920இல் சேத்துப்பட்டில் உயிர்நீத்த ராமானுஜனுக்கு வந்தது க்ஷயந்தானா, ஈரலைத் தாக்கிய அமீபா நோயா என்று பிற்காலத்து ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். ஆனால் அக்காலத்தில் மார்பு நோய் என்றாலே திறந்தவெளியும் படுக்கையுமே மருந்து என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியாயிருந்தது என்பதற்கு அவர் சரித்திரமே போதும். தாயகம் திரும்பிய சவுரிமுத்து, பச்சைமலை அடிவாரத்தில் சுமார் 250 ஏக்கர் நிலத்தில், 1928ஆம் ஆண்டு 12 படுக்கைகளோடு தம் சானடோரியத்தைத் தொடங்கினார். 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னை அரசாங்கம் சானடோரியத்தைத் தன் கைவசமாக்கிக்கொண்டது. ஊரார் வாயில் அது ‘டி.பி. ஆஸ்பத்திரி’ ஆயிற்று. பட்டணத்துச் சந்துகளில் இருமிக்கொண்டிருந்தவர்கள் காற்றையும் மரநிழலையும் படுக்கையையும் தேடி அங்கே வந்தார்கள்.

படுக்கையின் மகிமையைத் துலாக்கோலில் வைத்து நிறுத்த இடமும் சென்னையே ஆயிற்று. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையத்தில் — இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் — டாக்டர் வாலஸ் ஃபாக்ஸின் தலைமையில், 193 நோயாளிகளுக்கு ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்ற இரு மருந்துகளையும் ஓராண்டு கொடுத்து, ஒரு பகுதியாரைச் சானடோரியத்தில் படுக்கவைத்தும், மற்றப் பகுதியாரை நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருக்கவிட்டும் ஒப்பிட்டார்கள். நல்ல உணவும் ஓய்வும் காற்றும் சானடோரியத்தாருக்கே வாய்த்திருந்தும், ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர் அங்கே 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். தொடர்ந்து ஐந்தாண்டு கவனித்தபோது நோய் திரும்பியதிலும் வீட்டார் பின்தங்கவில்லை. 1959இல் வெளியான அந்த ஓராண்டு முடிவே உலகெங்கும் சானடோரியங்களின் கதவுகளைச் சாத்திற்று. உச்சிக்கு ரத்தம் பாய்ந்தாலென்ன, பாயாவிட்டாலென்ன, கிருமியைக் கொல்லும் மருந்து வந்தபின் கோலத்துக்கு அங்கே வேலையில்லை என்பது பிரத்தியட்சமாயிற்று.

மாதக்கணக்கில் மல்லாந்து கிடப்பது வீண் மட்டுமன்று, சிலருக்குத் தீங்கும்கூட. படுத்தவுடன் வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், மூச்சை வெளிவிட்டபின் நுரையீரலில் தங்கும் காற்று அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குறைகிறது. அந்தக் காற்று ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அடிப்புறத்துச் சிறு காற்றுக்குழல்கள் மூடிக்கொள்கின்றன; வயது ஏற ஏற அந்த அளவு உயர்ந்துகொண்டே வருகிறது. நிற்பவருக்குச் சுமார் 66 வயதில் நேரும் இந்த அடைப்பு, மல்லாந்து படுத்தவருக்குச் சுமார் 44 வயதிலேயே நேரிடுகிறது. மூடிய குழலுக்கு அப்பாலுள்ள கடைகளுக்கு ரத்தம் வந்து, சரக்கில்லாமல் வெறுங்கையோடு திரும்புகிறது. எலும்பு முறிந்து படுத்த பாட்டிக்கு எலும்பு கூடுமுன் நெஞ்சில் சளி கட்டுவதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே.

இருந்த கோலம்

படுக்கமுடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிப்பவர்களை நம் குடும்பங்களில் பார்க்காதவர் இல்லை. இதயம் பலவீனமானவர் படுத்தால், காலிலும் வயிற்றிலும் தங்கியிருந்த ரத்தம் மார்புக்குத் திரும்பி, ஏற்கெனவே நிறைந்த நுரையீரலை மேலும் நிறைக்கிறது. நீர் கசிகிறது, மூச்சு முட்டுகிறது, அவர் எழுந்து உட்கார்ந்து கால்களைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால் சாந்தி அடைகிறார். தலையணை இரண்டு வேண்டுமா மூன்று வேண்டுமா என்று வைத்தியர் கேட்பது இதை அளப்பதற்கே. நாள்பட்ட சுவாசத்தடை உள்ளவர் முன்னே சாய்ந்து முழங்காலிலோ மேஜையிலோ கையை ஊன்றிக்கொள்வதற்குக் காரணம் வேறு. அந்த அமைப்பில் உதரவிதானத்துக்கும் தோளை அண்டிய தசைகளுக்கும் பிடிமானம் கிடைக்கிறது.

எல்லா நியமத்துக்கும் விலக்கு உண்டு. ஈரல் கெட்டு, அதன் விளைவாக நுரையீரலின் அடிப்பகுதி ரத்தக்குழாய்கள் விரிந்துபோனவர்கள் சிலருக்கு, உட்கார்ந்தால் பிராணவாயு குறைந்து படுத்தால் ஏறுகிறது. உட்காரும்போது ரத்தமெல்லாம் அந்த விரிந்த அடிக்குழாய்களுக்கே பாய்ந்து, பரிமாற்றம் சரிவர நடக்காமல் ஓடிவிடுவதே காரணம். நோயாளி எந்தக் கோலத்தில் இளைக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே பாதி நோய்நிர்ணயம் என்று சொன்னால் மிகையாகாது.

ஒருக்களித்துப் படுப்பதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. ஒரு பக்கத்து நுரையீரலில் மட்டும் நிமோனியா வந்திருந்தால், வயதுவந்தவரை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு படுக்கவைப்பது பொதுவாக நலம். ஆகர்ஷண சக்தியால் ரத்தம் நல்ல பக்கத்துக்கு அதிகம் போய்க் காற்றைச் சந்திக்கிறது. ஆனால் நோயுற்ற பக்கத்திலிருந்து ரத்தமோ சீழோ வெளிப்பட்டுக்கொண்டிருந்தால் நியமம் தலைகீழாகிவிடும். நல்ல பக்கத்துக்கு அது வழியாமலிருக்க, கெட்ட பக்கத்தையே கீழே வைக்கவேண்டும். மார்புக்கூடு மென்மையாயுள்ள சிசுக்களுக்கோ நல்ல பக்கம் மேலே இருப்பதே பெரும்பாலும் உதவுகிறது.

நீர்மலையில் இல்லாத கோலம்

திருநீர்மலையின் நான்கு கோலங்களிலும் சேராத ஐந்தாவது ஒன்றே இந்த நூற்றாண்டில் வைத்திய உலகை வியக்கவைத்தது: குப்புறக் கிடத்தல். கடுமையான நிமோனியாவினாலோ வேறு காரணத்தாலோ இரண்டு நுரையீரல்களும் நீர்கோத்துக் கனத்துப்போகும் ஏ.ஆர்.டி.எஸ். என்ற நிலையில், வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைக் கவிழ்த்துப் போட்டால் பிராணவாயு ஏறுகிறது என்பதை 1970களிலேயே சிலர் கண்டிருந்தார்கள். ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. உயிர் பிழைப்பது கூடுகிறதா என்பது நெடுநாள் சந்தேகமாகவே இருந்தது. 2013இல் பிரான்சின் குளோட் கெரென் குழுவினர் 466 நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனையில், கடும் ஏ.ஆர்.டி.எஸ். உள்ளவர்களை ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறக் கிடத்தியபோது, 28 நாட்களுக்குள் இறந்தவர் 16 சதவீதம். மல்லாந்தே கிடந்தவர்களில் 32.8 சதவீதம். மருந்தோ புது யந்திரமோ இல்லாமல், நாலைந்து பேர் சேர்ந்து உடலைத் திருப்புவதால் மட்டும் மரணம் பாதியானது.

இதன் காரணத்தை ஆராய்ந்தபோது, ஆகர்ஷண சக்தியே எல்லாம் என்ற பழைய கொள்கையும் திருத்தம் பெற்றது. ரத்தம் கீழ்நோக்கியே பாய்கிறதென்றால், கவிழ்ந்தவருக்கு அது முழுதும் மார்புப் பக்கத்துக்குப் போய்விட வேண்டும். ஆனால் மிருகங்களின் நுரையீரலில் நுண்ணிய குறிமணிகளைச் செலுத்தி அமெரிக்காவில் ராப் கிளென்னி முதலானோர் செய்த ஆராய்ச்சிகள், கவிழ்ந்த பின்பும் முதுகுப் பகுதிக்கே ரத்தம் தாராளமாகப் போவதைக் காட்டின. ரத்தக்குழாய்கள் கிளைவிட்டுப் பிரியும் அமைப்பிலேயே, மரத்தின் ஒரு கிளை தழைத்து மற்றொன்று மெலிவதுபோல, ஏற்றத்தாழ்வு எழுதப்பட்டிருக்கிறது. 1991இல் ஸ்பேஸ்லேப் விண்கலத்தில், எடையே இல்லாத நிலையில் விண்வெளி வீரர்களின் மூச்சை அளந்தபோதும், மேடுபள்ளம் குறைந்ததே தவிர மறைந்துவிடவில்லை.

ஆகவே கவிழ்ப்பதன் பலன், ரத்தத்தை இடம் மாற்றுவதைக் காட்டிலும் ரத்தம் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் இடத்துக்குக் காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே இருக்கிறது. முதுகுப் பக்கத்தில் நுரையீரலின் பெரும்பகுதி இருக்கிறது. மல்லாந்து கிடக்கையில் இதயத்தின் பாரமும் நீர்கோத்த நுரையீரலின் பாரமும் வயிற்றின் அழுத்தமும் அதை நசுக்குகின்றன. கவிழ்ந்தால் இதயம் நெஞ்செலும்பின்மேல் சாய்ந்துகொள்கிறது. மூடிக்கிடந்த முதுகுப்புறக் கடைகள் திறக்கின்றன. ரத்தம் முன்போலவே அங்கே வர, இப்போது சரக்கும் வந்துசேருகிறது. காற்றுக் குறைந்த அறையின் ரத்தக்குழாய் தானே சுருங்கி ரத்தத்தை வேறிடம் திருப்பும் என்று 1946இல் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் பூனைகளிடம் கண்ட இயற்கை யுக்தியும் ஆரோக்கிய காலத்தில் இதே சமநிலையையே காக்கிறது. பெருநோயில் அந்த யுக்தி தோற்கும்போதே மனிதக் கை உடலைத் திருப்பவேண்டியிருக்கிறது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருநோய் வந்தபோது தாம்பரத்து நெஞ்சக மருத்துவமனையும் அந்நோயாளிகளை ஏற்றது. பிராணவாயு சிலிண்டருக்காகச் சென்னையும் புறநகரும் அலைந்த அந்த 2021 கோடையில், ஏப்ரல் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் வீட்டுத் தனிமையில் இருப்போருக்கும் ஒரு யோசனை வெளியிட்டது: ஆக்ஸிமீட்டரில் 94க்குக் கீழே போனால் குப்புறப் படுங்கள், கழுத்துக்கடியில் ஒரு தலையணை, மார்பிலிருந்து தொடைவரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு, அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை ஒவ்வொரு கோலம், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம், கர்ப்பிணிகளும் கடும் இதய நோயாளிகளும் முதுகெலும்போ தொடையெலும்போ முறிந்தவர்களும் தவிர்க்கவேண்டும் என்று. தாம்பரத்திலும் செம்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் எத்தனையோ வீடுகளில், பாய்விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு விரலில் மாட்டிய கருவியின் எண்ணையே கண்கொட்டாமல் பார்த்த நாட்களை யார் மறந்தார்கள்?

அந்த அனுபவத்தையும் துலாக்கோலில் நிறுத்தியாயிற்று. வென்டிலேட்டருக்குப் போகாமல் விழித்திருந்த கொரோனா நோயாளிகளிடம் ஆறு நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட கூட்டுப் பரிசோதனையில் சுமார் 1,120 பேர் கலந்துகொண்டனர். குப்புறக் கிடந்தவர்களில் 40 சதவீதமும் மற்றவர்களில் 46 சதவீதமும் வென்டிலேட்டரையோ மரணத்தையோ அடைந்தனர். வென்டிலேட்டருக்குப் போவது குறைந்தது. மரணம் மட்டும் குறைந்ததாக நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கடும் நோயில் வென்டிலேட்டரோடு சேர்ந்து உயிர் காத்த கோலம், விழித்திருப்பவரிடத்தில் ஓரளவு உதவி மட்டுமே செய்தது. இன்னொரு எச்சரிக்கையும் அவசியம்: பெரியவருக்கு நல்லதென்று சிசுவைக் குப்புறத் தூங்கவைத்துவிடக் கூடாது, தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணத்தைத் தவிர்க்க, குழந்தையை மல்லாந்தே படுக்கவைக்கவேண்டும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட விதி.

நடந்த கோலம்

எல்லாவற்றையும் சேர்த்து நோக்கினால் ஒரு வேற்றுமை புலப்படுகிறது. நோயின் வித்தின்மேல் உடலின் கோலத்துக்கு அதிகாரம் குறைவு. காற்றும் ரத்தமும் கூடும் கணக்கின்மேல் அதற்கு அதிகாரம் அதிகம். க்ஷயத்தில் மனிதர் அதை வித்துக்கு எதிராக ஏவினார்கள். மருந்து வந்ததும் அது மதிப்பிழந்தது. ஏ.ஆர்.டி.எஸ்.இல் அதைக் கணக்குக்காகவே ஏவினார்கள். அங்கே மருந்து செய்யாததை அது செய்தது. சானடோரியத்தார் கோலத்தை நம்பியது பிழையன்று. அதனிடம் அதன் தொழில் அல்லாத ஒன்றைக் கேட்டதே பிழை.

நான்காவது கோலம் ஒன்று மிச்சமிருக்கிறது. மனிதன் நடக்கத் தொடங்கியதும் இதயம் அதிக ரத்தத்தை அனுப்புகிறது. நுரையீரல் தமனியின் அழுத்தம் சற்று ஏறுகிறது. உச்சியில் மூடிக்கிடந்த நுண்குழாய்கள் திறந்து, டாக் மாதக்கணக்கில் படுக்கவைத்துப் பெற விரும்பிய அதே ரத்தவோட்டம் ஒரு சில நிமிஷ நடையில் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆபரேஷன் முடிந்தவர்களை இயன்றவரை விரைவில் எழுப்பி நடக்கச் சொல்வதற்குள்ள காரணங்களுள் நுரையீரலை விரிக்கும் இந்தக் காரணமும் ஒன்று. பிரேமரும் டெட்வைலரும் தொடங்கிய வழக்கில், நடையின் பக்கமே தீர்ப்பு சாய்ந்துவிட்டது.

இன்று தாம்பரத்து மருத்துவமனையின் வெளிநோயாளிப் பகுதியிலிருந்து மாத்திரைப் பட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வரும் காசநோயாளி, தம் பாட்டனார் காலத்தில் அதே வளாகத்தின் தாழ்வாரத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்திருக்கக் கூடியவர். அவர் மரநிழலைக் கடந்து, சானடோரியம் என்ற பெயரைத் தாங்கிய நிலையத்தின் படிகளில் ஏறி, வேலைக்குப் போகும் கூட்டத்தோடு ரயிலுக்கு நிற்கிறார்.